பங்கோரில் ஒரே நாளில் இரண்டு ஒப்பந்தங்கள்: பொறியாளர் ஆண்ட்ரூ கிளார்க்கின் கதை

1874 ஜனவரி 20. மலாய் தீபகற்பத்தில் பேராக் சுல்தானகத்தின் கரையோரம் பங்கோர் தீவுக்குப் பக்கத்தில் நின்ற ‘புளூட்டோ’ என்ற அரசுக் கப்பலில் அன்று இரண்டு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. ஒன்று, பேராக்கின் லாருட் பகுதி ஈயச் சுரங்கங்களுக்காகப் பல வருடம் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட இரண்டு சீனக் கூட்டங்களுக்கு இடையே. இன்னொன்று, பேராக் அரசகுடும்பத்தோடும் பிரபுக்களோடும். இரண்டையும் நடத்தி வைத்தவர் ஒருவரே. பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளரும், சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநருமான சர் ஆண்ட்ரூ கிளார்க்.

முதல் ஒப்பந்தம் நிலைத்தது. லாருட் மறுபடி அப்படிப் பற்றி எரியவில்லை. இரண்டாவது ஒப்பந்தத்துக்கு 22 மாதம் முழுதாக ஆவதற்குள், அதன்படி நியமிக்கப்பட்ட ரெசிடெண்ட், அதாவது சுல்தானுக்கு ஆலோசனை சொல்லும் பிரிட்டிஷ் அதிகாரி, ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார். அதன் பிறகு படையெடுப்பு, தூக்கு, நாடுகடத்தல்.

ஒரே ஆள், ஒரே நாள், ஒரே கப்பல். விளைவு மட்டும் ஏன் இவ்வளவு வேறாக இருந்தது? மலேசிய வரலாற்றைப் பேசுகிறவர்கள் பங்கோரை ஒரே ஒப்பந்தமாகப் பார்த்துவிடுகிறார்கள். இரண்டையும் தனித்தனியாக எடுத்துப் பக்கத்தில் வைத்தால்தான் கிளார்க் என்ற நிர்வாகியின் பலமும் பலவீனமும் தெரியும் என்பது என் எண்ணம்.

வூலிச்சிலிருந்து விக்டோரியா வரை

கிளார்க் 1824-இல் பிறந்தார். அப்பாவும் ராணுவ அதிகாரிதான். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநராக இருந்தவர். மகன் வூலிச் ராணுவக் கல்லூரியில் படித்து 1844-இல் ராயல் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தார். இரண்டு ஆண்டில், இன்று டாஸ்மானியா என்று அழைக்கப்படும் வான் டீமன்ஸ் லேண்டுக்குப் போனார். அங்கே ஆளுநராக வந்த வில்லியம் டெனிசனும் இதே படைப்பிரிவுக்காரர். டெனிசன் பிறகு 1861 முதல் 1866 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தார் என்பதால் நமக்கும் கொஞ்சம் அறிமுகமான பெயர். இளம் கிளார்க்குக்கு நிர்வாகம் பழக்கியவர் அவர்தான்.

நியூசிலாந்தில் சில காலம் சாலை போட்டுவிட்டு, 1853-இல் கிளார்க் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா காலனிக்குத் தலைமை நில அளவையாளர் ஆனார். அப்போது அங்கே தங்க வேட்டை உச்சத்தில் இருந்தது. கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். நிலம் அளக்க வேண்டும், மனை பிரிக்க வேண்டும், சாலையும் ரயில் பாதையும் திட்டமிட வேண்டும். இத்தனைக்கும் நடுவில் அவர் செய்த முக்கியமான காரியம் 1854-இன் நகராட்சிச் சட்டம். ஓர் ஊரில் வீடு வைத்திருப்பவர்கள் மனுப் போட்டு நகராட்சி கேட்கலாம். அவர்களே உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த மன்றம் வரி விதித்து ஊர் வேலைகளைப் பார்க்கும். விக்டோரியாவின் உள்ளாட்சி அமைப்பு பெரும்பாலும் இந்தச் சட்டத்தின் மேல் எழுந்ததுதான்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வரி கொடுப்பவனுடைய சம்மதம் இல்லாமல் எந்த நிர்வாகமும் ஓடாது என்பது கிளார்க்குக்குத் தெரியாத விஷயம் இல்லை. சட்டமாக எழுதிக் கொடுத்தவரே அவர். பேராக்கில் இது எங்கே போனது என்று பின்னால் பார்ப்போம்.

1858-இல் இங்கிலாந்து திரும்பினார். பிறகு கோல்டு கோஸ்ட்டில், அதாவது இன்றைய கானாவில், கொஞ்ச காலம். 1864 முதல் 1873 வரை கடற்படையின் கட்டுமானப் பணிகளுக்கு இயக்குநர். சாத்தம், போர்ட்ஸ்மத் துறைமுக விரிவாக்கங்கள் அவர் கையில் நடந்தன. பெர்முடாவுக்காக கப்பல் பழுதுபார்க்கும் ஒரு மாபெரும் இரும்பு மிதவைத் துறையை இங்கிலாந்தில் கட்டி, 1869-இல் அட்லாண்டிக் குறுக்கே இழுத்துப் போய்ச் சேர்த்தார்கள். கரையில் செய்ய முடியாததை வேறெங்கோ செய்து கொண்டுபோய் நிறுத்திவிடலாம் என்ற துணிச்சல் அந்தக் காலப் பொறியாளர்களுக்கு உண்டு. 1873 நவம்பரில் அவர் சிங்கப்பூரில் இறங்கி ஆளுநர் பொறுப்பேற்றபோது அந்தத் துணிச்சலும் கூடவே வந்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயம். 1867-இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய அரசிடமிருந்து லண்டன் குடியேற்ற அலுவலகத்தின் நேரடிப் பொறுப்புக்கு மாறின. அதற்குப் பின் வந்த முதல் மூன்று ஆளுநர்கள் ஹாரி ஆர்ட், ஆண்ட்ரூ கிளார்க், வில்லியம் ஜெர்வாய்ஸ். மூவரும் ராயல் இன்ஜினியர்ஸ். கணக்குத் தெரியும், நிலம் அளக்கத் தெரியும், கோட்டை கட்டத் தெரியும், உத்தரவுக்குக் கீழ்ப்படிவார்கள். அன்றைய லண்டனுக்கு ஒரு காலனி ஆளுநரிடம் வேண்டியிருந்த தகுதிகள் இவைதான். ஆற்றங்கரைப் பிரபு ஒருவர் ஏன் கோபப்படுகிறார் என்று புரிந்துகொள்ளும் பயிற்சி அந்தப் பட்டியலில் இல்லை.

லாருட்டில் என்ன நடந்தது

லாருட்டில் ஈயம் அள்ள அள்ளக் கிடைத்தது. அந்தப் பகுதியின் பிரபு நிகா இப்ராஹிம். வேலை செய்தது ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளிகள். ஈயச் சுரங்கங்கள் இரண்டு சங்கங்களின் பிடியில் இருந்தன: ஹாய் சான், கீ ஹின். 1861-இல் முதல் சண்டை மூண்டது ஒரு நீர்க்கால்வாய்த் தகராறில். ஈயம் கழுவத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் யாருக்கு முதலில் என்பதில் வெட்டுக்குத்து. 1865-இல் மறுபடி. 1872-இல் மூண்டது போராகவே ஆகிவிட்டது. ஆற்றோரம் மரக் கோட்டைகள், கடலில் ஆயுதப் படகுகள், பினாங்கிலிருந்து பணமும் துப்பாக்கியும். நிகா இப்ராஹிம் ஜெயிக்கிற பக்கம் சாய்ந்துகொண்டே இருந்தார். பினாங்குப் போலீஸ் அதிகாரியாக இருந்த கேப்டன் ஸ்பீடியை வேலைக்கு வைத்து, இந்தியாவிலிருந்து சிப்பாய்களைத் திரட்டிக் கொண்டுவரச் செய்தார்.

இதன் மேல் வாரிசுத் தகராறு வேறு. 1871-இல் பேராக் சுல்தான் அலி இறந்தபோது அடுத்த இடத்தில் இருந்த ராஜா அப்துல்லா இறுதிச் சடங்குக்கு வரவில்லை. பிரபுக்கள் அவரை விட்டுவிட்டு ராஜா இஸ்மாயிலை சுல்தானாக்கினார்கள். அரச சின்னங்கள் இஸ்மாயிலிடம் போயின. ராஜா யூசோப் என்று மூன்றாவது உரிமைக்காரரும் இருந்தார். அப்துல்லா கீ ஹின் பக்கம் சேர்ந்தார், நிகா இப்ராஹிம் ஹாய் சான் பக்கம் நின்றார். அரியணைச் சண்டையும் சுரங்கச் சண்டையும் ஒன்றாகப் பின்னிக்கொண்டன.

லண்டனில் குடியேற்ற அமைச்சர் கிம்பர்லி 1873 செப்டம்பரில் கிளார்க்குக்கு எழுதிய அறிவுரையின் சாரம், மலாய் அரசுகளின் நிலையை விசாரித்து அறிக்கை அனுப்பு, அங்கெல்லாம் ஓர் அதிகாரியை அமர்த்துவது நல்லதா என்று யோசித்துச் சொல் என்பதுதான். கிளார்க் முதலில் செய்துவிட்டுப் பிறகு அறிக்கை அனுப்பினார். சிங்கப்பூர் வணிகர்களின் அவசரம் இதற்குப் பின்னால் இருந்தது. டான் கிம் செங் என்ற பெருவணிகர் அப்துல்லாவோடு ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்; அப்துல்லா சுல்தானானால் லாருட் வரி வசூல் குத்தகை டான் கிம் செங்குக்கு. அப்துல்லாவிடமிருந்து பிரிட்டிஷ் பாதுகாப்பும் நல்ல ஆட்சிமுறை காட்ட ஓர் அதிகாரியும் கேட்டு ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. கிளார்க்குக்குத் தேவைப்பட்ட சாக்கு அதுதான்.

முதல் ஒப்பந்தம்: ஏன் நிலைத்தது

சீனர்கள் விஷயத்தில் கிளார்க் முறையாக வேலை செய்தார். சீன மொழி பேசத் தெரிந்த அதிகாரி பிக்கரிங்கை முதலில் பினாங்குக்கு அனுப்பி, கீ ஹின் தலைவர்கள் சமரசத்துக்கு வருவார்களா என்று விசாரித்தார். வருவோம் என்ற பதில் வந்த பிறகே கூட்டத்துக்கு நாள் குறித்தார். பங்கோருக்கு வந்தவர்கள் சண்டையை உண்மையிலேயே நடத்திய தலைவர்கள். ஹாய் சான் தலைவர் சுங் கெங் குவீ வந்தார், கீ ஹின் தலைவர் சின் ஆ யாம் வந்தார். ஆயுதங்களை ஒப்படைப்பது, மரக் கோட்டைகளை இடிப்பது, மீறினால் 50,000 டாலர் அபராதம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

கையெழுத்தோடு விடவும் இல்லை. டன்லப், பிக்கரிங், அப்போது 23 வயதே ஆன ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் ஆகிய அதிகாரிகளோடு அந்த இரண்டு சீனத் தலைவர்களையும் சேர்த்து ஒரு குழு போட்டு நேராக லாருட்டுக்கு அனுப்பினார். அவர்கள் காடு காடாக நடந்து கோட்டைகளை இடித்தார்கள். சண்டையில் தூக்கிச் செல்லப்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் தேடி மீட்டார்கள். எந்தச் சுரங்கம் யாருக்கு, தண்ணீர் எப்படிப் பங்கு என்பதை அங்கேயே நின்று தீர்த்தார்கள். ஹாய் சானுக்கு கிளியான் பாவ், அதுதான் பிறகு தைப்பிங். கீ ஹின்னுக்கு கிளியான் பாரு, அதுதான் கமுந்திங். வெறிச்சோடிப் போயிருந்த லாருட்டுக்கு ஒரு வருடத்துக்குள் ஆயிரக்கணக்கில் ஆட்கள் திரும்பினார்கள்.

சரி, இது தண்ணீரில் ஆரம்பித்த சண்டை, பொறியாளர் தீர்த்தார் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அது போதுமான விளக்கமாகத் தெரியவில்லை. சண்டை போட்டவர்கள் மேஜையில் இருந்தார்கள், அவர்களுக்கு வேண்டியது கிடைத்தது, நிறைவேற்ற ஆள் இருந்தது. ஒப்பந்தத்தைத் தாங்கியவை இந்த மூன்றும்தான். லாபம் வந்ததும் இரு தரப்பும் அதைக் காப்பாற்ற விரும்பின.

இரண்டாவது ஒப்பந்தம்: ஏன் உடைந்தது

அதே நாள் கையெழுத்தான பேராக் ஒப்பந்தத்தில் 14 விதிகள். அப்துல்லா சுல்தான். இஸ்மாயிலுக்கு சுல்தான் மூடா (இளைய சுல்தான்) என்ற பட்டமும் மாதம் 1,000 டாலர் உதவித்தொகையும். பேராக்கில் ஒரு பிரிட்டிஷ் ரெசிடெண்ட் இருப்பார். மலாய் மதமும் வழக்கமும் தவிர்ந்த எல்லா விஷயத்திலும் சுல்தான் அவருடைய ஆலோசனையைக் கேட்டு அதன்படி நடக்க வேண்டும். வரி வசூலும் பொது நிர்வாகமும் ரெசிடெண்டின் ஆலோசனைப்படி ஒழுங்குபடுத்தப்படும்.

ஆனால் இஸ்மாயில் வரவில்லை. அரியணையில் இருந்த சுல்தான், அரச சின்னங்களைக் கையில் வைத்திருந்தவர், அவர் இல்லாமலேயே அவரை இறக்கினார்கள். யூசோப்பை அழைக்கவே இல்லை. மேல் பேராக்கின் முக்கியப் பிரபுக்கள் பலர் வரவில்லை. பாசிர் சாலாக்கின் பிரபு மகாராஜா லேலாவும் அங்கே இல்லை. முந்தைய ஆளுநர் ஆர்ட் சில மாதங்களுக்கு முன்புதான் தனி ஆட்சியாளராக அங்கீகரித்த நிகா இப்ராஹிமை, கிளார்க் பழையபடி சுல்தானுக்குக் கீழ்ப்பட்ட பிரபுவாக்கினார். சீனர்கள் விஷயத்தில் பிக்கரிங் முன்னே போய் விசாரித்ததுபோல் மலாய்ப் பிரபுக்களிடம் யாரும் ஆற அமரப் போய் உட்கார்ந்து பேசவில்லை. மண்ணைச் சோதிக்காமல் அணைக்கு அடித்தளம் போடும் வேலையை எந்தப் பொறியாளரும் செய்ய மாட்டார்; கிளார்க் இங்கே அதைத்தான் செய்தார்.

அதைவிடப் பெரிய கோளாறு வரி விதியில் இருந்தது. பேராக்கில் ஒவ்வொரு பிரபுவும் தன் பகுதி ஆற்றில் போகிற சரக்குக்குச் சுங்கம் வாங்கினார். அவருடைய ஆட்களும் படையும் பெருமையும் எல்லாமே அந்த வருமானத்தில்தான். இனி எல்லா வரியும் ரெசிடெண்டின் ஆலோசனைப்படி என்றால் அந்தப் பிரபுவுக்கு என்ன கிடைக்கும்? ஒப்பந்தம் அதைப் பற்றிப் பேசவில்லை. ரெசிடெண்டின் பேச்சை சுல்தான் கேட்காவிட்டால் என்ன செய்வது என்பதும் அதில் இல்லை. விக்டோரியாவில் வரி கொடுப்பவனையே மன்றத்தில் உட்கார வைத்த அதே கை, பேராக்கில் வரி வாங்கிக்கொண்டிருந்தவர்களை வெளியே நிற்க வைத்து விதி எழுதியது. வெள்ளையர் குடியேற்றத்துக்கு ஒரு நியாயம், மலாய் ஆற்றங்கரைக்கு வேறொரு நியாயம் என்ற அந்தக் காலத்துப் பாகுபாடு கிளார்க்கையும் பிடித்திருந்தது. இதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கிளார்க் அங்கே நிற்கவில்லை. அடுத்த சில மாதங்களில் சிலாங்கூருக்குக் கடற்படைக் கப்பல்களோடு போனார். லங்காட்டில் சுல்தான் அப்துல் சமாத்துக்குப் பக்கத்தில் சுவெட்டன்ஹாமை அமர்த்தினார். சுங்கை ஊஜோங்கில் டத்தோ கெலானாவோடு ஒப்பந்தம் போட்டார். அதை எதிர்த்த டத்தோ பண்டாரோடு சண்டையே வந்தது. ஒரு வருடத்துக்குள் மூன்று மலாய் அரசுகளில் பிரிட்டிஷ் கால் ஊன்றியாயிற்று.

பர்ச்

பேராக்கின் முதல் ரெசிடெண்டாக 1874 நவம்பரில் போனவர் ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச். இலங்கை சிவில் சேவையில் பல ஆண்டு இருந்தவர். உழைப்பாளி, பிடிவாதக்காரர், மலாய் மொழி சரியாகத் தெரியாதவர். வந்ததும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றப் பார்த்தார். பிரபுக்கள் வரி வாங்கக் கூடாது என்றார். கடனுக்காக அடிமைப்பட்டவர்கள் ஓடிவந்தால் அடைக்கலம் கொடுத்தார். இதில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. கடன் அடிமை முறை கொடுமையானது. ஓடிவந்த பெண்களைத் திருப்பி அனுப்ப மறுத்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சுல்தான்களை ஆட்கள் முன்னால் அதட்டுவதும், இஸ்மாயிலிடம் போய் அரச சின்னங்களைக் கொடு என்று கேட்டு வெறுங்கையோடு திரும்புவதும் அந்த நியாயத்துக்குத் தேவைப்படவில்லை. அரச சின்னங்கள் வராததால் அப்துல்லா முறைப்படி முடிசூடவும் இல்லை.

பர்ச்சின் அவசரம் கிளார்க்குக்கே பிடிக்கவில்லை. இவன் போகிற போக்கில் எங்கள் இருவருக்கும் கேடு வரும் என்ற பொருள்பட ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் பர்ச்சை மாற்றவில்லை. 1875-இன் தொடக்கத்தில் கிளார்க் பாங்காக்கில் இருந்தார். சியாமில் மன்னர் சூலலங்கோர்னுக்கும் இரண்டாம் மன்னருக்கும் இடையே வெடித்த நெருக்கடியில், இரண்டாம் மன்னர் பிரிட்டிஷ் தூதரகத்தில் தஞ்சம் புகுந்திருந்தார். கிளார்க் நேரில் போய் இரு தரப்பையும் சந்தித்துப் பேசி முடித்து வைத்தார். அந்த நட்பு சூலலங்கோர்னோடு கடைசிவரை நீடித்தது. எதிர்த்தரப்பு எதிரே இருந்தால் அவர் கெட்டிக்காரர் என்பதற்கு இது இன்னொரு சாட்சி.

1875 மே மாதம் கிளார்க் கிளம்பினார். இந்திய வைஸ்ராய் மன்றத்தில் பொதுப்பணி உறுப்பினராகப் பதவி உயர்வு. அடுத்து வந்த ஜெர்வாய்ஸ் இன்னும் அவசரக்காரர். ஆலோசனை சொல்லும் ரெசிடெண்ட் போதாது, சுல்தான் பெயரில் பிரிட்டிஷ் ஆணையர்களே நேரடியாக ஆளட்டும் என்று முடிவெடுத்து, அப்துல்லாவை மிரட்டிக் கையெழுத்து வாங்கினார். அதற்கு முன்பே, ஜூலை மாதம், பர்ச்சைக் கொல்வது என்று பிரபுக்கள் கூடிப் பேசி வைத்திருந்தார்கள்.

நவம்பர் 2-ஆம் தேதி பர்ச் புதிய அறிவிப்புகளோடு பாசிர் சாலாக் வந்தார். மொழிபெயர்ப்பாளர் அறிவிப்பைக் கடைச் சுவரில் ஒட்டினார். மகாராஜா லேலாவின் ஆட்கள் கிழித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் மறுபடி ஒட்டினார். பர்ச் ஆற்றோரக் குளியல் மறைப்புக்குள் இருந்தபோது செபுந்தும் என்பவரும் மற்றவர்களும் மறைப்பு வழியாகவே ஈட்டியைப் பாய்ச்சினார்கள்.

அதன் பிறகு இந்தியாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் படைகள் வந்தன. மகாராஜா லேலா 1877 ஜனவரி 20 அன்று தூக்கிலிடப்பட்டார். பங்கோர் கையெழுத்தாகிச் சரியாக மூன்று ஆண்டு. பங்கோரில் சுல்தானாக்கப்பட்ட அப்துல்லாவும் நிகா இப்ராஹிமும் சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். இஸ்மாயிலை ஜொகூருக்கு அனுப்பினார்கள். யாரைக் கூப்பிடவே இல்லையோ அந்த யூசோப்பிடம் கடைசியில் ஆட்சிப் பொறுப்பு வந்தது.

பொறுப்பு யாருடையது

பர்ச்சின் முரட்டுக் குணம், ஜெர்வாய்ஸின் பேராசை என்று பழியைப் பங்கு போடுவது வழக்கம். கிளார்க் நல்ல பேரோடு தப்பிவிடுகிறார். சிங்கப்பூரில் கிளார்க் கீ அவர் பெயரில் இருக்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானோர் நடமாடும் இடம். இந்தியாவில் 1880 வரை இருந்தார். சென்னை மாகாணம் தாது வருடப் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்த காலமும் அந்தப் பதவிக்காலத்தில்தான். பிறகு கோட்டைகளின் தலைமை ஆய்வாளர், விக்டோரியாவின் லண்டன் பிரதிநிதி. 1902-இல் இறந்தார்.

என் கணிப்பில் அடித்தளப் பிழை அவருடையதே. ரெசிடெண்டுக்குப் பொறுப்பு உண்டு, அதிகாரமும் இல்லை, படையும் இல்லை. பிரபுக்களுக்கு இழப்பு உண்டு, ஈடு இல்லை. இந்த இரண்டும் 1874 ஜனவரியிலேயே எழுத்தில் இருந்தன. பர்ச் இடத்தில் பொறுமையான ஆள் போயிருந்தால் ரத்தம் சிந்தாமல் இருந்திருக்கலாம். வரிச் சிக்கல் அப்போதும் அப்படியே நின்றிருக்கும்.

அதைத் தீர்த்தவர் 1877-இல் ரெசிடெண்டாக வந்த ஹியூ லோ. போர்னியோவில் பல்லாண்டு வாழ்ந்து மலாய் சரளமாகப் பேசியவர், ராணுவக்காரர் இல்லை. பிரபுக்களை அரசு வேலையில் அமர்த்தி, அவரவர் பகுதியில் வசூலாகும் வரியில் அவர்களுக்கே ஒரு பங்கு கொடுத்தார். அதே ஆண்டில் ஓர் அரசுமன்றத்தையும் கூட்டினார். யூசோப் அதில் உட்கார்ந்தார், மலாய்ப் பிரபுக்கள் உட்கார்ந்தார்கள், முன்பு லாருட்டில் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரிக்க நின்ற சுங் கெங் குவீயும் சின் ஆ யாமும் உட்கார்ந்தார்கள். புதிய வரிகள் இனி அவர்கள் முன்னால் பேசப்பட்டன. 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு மலாயாவின் முதல் ரயில் பாதை திறந்தபோது, அதற்கான பணம் அந்த ஈய வருமானத்திலிருந்துதான் வந்தது.